அத்தையா, சித்தியா? பிரிக்ஃபீல்ட்ஸ் மேடையில் ஓர் ஆங்கில நகைச்சுவை

சென்ற சனிக்கிழமை மாலை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஒரு சிற்றரங்கில், பிராண்டன் தாமஸ் எழுதிய 'சார்லியின் அத்தை' என்ற ஆங்கில நாடகத்தின் தமிழ்த் தழுவலைப் பார்த்தேன். நுழைவுச் சீட்டு 40 வெள்ளி; மாணவர்களுக்கு 20 வெள்ளி. இடைவேளையையும் சேர்த்து இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடியது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்குக் கூடும் கிள்ளான், கோலாலம்பூர் இளைஞர்களின் சிறு குழு இதை மேடையேற்றியது. குறைகள் உண்டு, அவற்றை ஒளிக்காமல் பின்னால் சொல்கிறேன். ஆயினும், வெளிநாட்டு நாடகம் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் வழக்கமாகக் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு கேள்வியை இவர்கள் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். மேடைக்கு வரும் அந்த அம்மாள் சார்லிக்கு என்ன முறை?

மூல நாடகத்தை அறியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் ஜாக் செஸ்னி, சார்லி விக்கம் என்ற இரு நண்பர்கள் முறையே கிட்டி, ஏமி என்ற இரு பெண்களைக் காதலிக்கிறார்கள். அவர்களைத் தங்கள் அறைக்கு மதிய உணவுக்கு அழைக்க வேண்டும். துணைக்கு மூத்த பெண்மணி ஒருவர் இல்லாமல் அந்தக் காலத்துப் பெண்கள் இளைஞர்களின் அறைப் படியை மிதிக்க மாட்டார்கள். பிரேசிலிலிருந்து வரவிருக்கும் டோனா லூசியா, சார்லி இதுவரை கண்ணால் கண்டிராத பணக்கார உறவினர், அதற்குத் தோதாக வாய்க்கிறார். அவர் வருகை தள்ளிப்போகிறது என்று தந்தி வருகிறது; பெண்களோ வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். நாடகம் ஒன்றில் மூதாட்டி வேடம் போடுவதற்கான உடுப்பை அந்த நேரம் பார்த்து அணிந்திருந்த நண்பன் ஃபேன்கோர்ட் பேபர்லியை, அவன் எவ்வளவு மறுத்தும் கேளாமல், இருவரும் பிடித்துத் தள்ளி டோனா லூசியா ஆக்கிவிடுகிறார்கள். அதன்பிறகு ஜாக்கின் தந்தையும், பெண்களுக்குப் பாதுகாவலரான வழக்கறிஞர் ஸ்பெட்டிகியூவும், அந்தப் போலி அம்மாளிடமே மணம் பேசத் தொடங்குகிறார்கள். போதாக்குறைக்கு உண்மையான டோனா லூசியாவும் வந்து சேர்ந்து, வேறு பெயர் சொல்லிக்கொண்டு, நடப்பதை அமைதியாக வேடிக்கை பார்க்கிறார்.

1892 பிப்ரவரி 29 அன்று பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற சிற்றூரின் அரங்கில் முதன்முதலாக அரங்கேறிய இந்த நாடகம், அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று லண்டன் ராயல்ட்டி அரங்குக்கு வந்தது. பிறகு குளோப் அரங்குக்கு மாறி மொத்தம் 1,466 காட்சிகள் நடந்தது. அதற்கு முன் லண்டனில் 1,362 காட்சிகள் ஓடியிருந்த 'அவர் பாய்ஸ்' என்ற நாடகத்தின் சாதனை அதனால் முறிந்தது. பேபர்லி வேடத்தை டபிள்யூ. எஸ். பென்லி ஏற்றார்; ஜாக்கின் தந்தையாக லண்டனில் பிராண்டன் தாமஸ் தாமே நடித்தார்.

அந்தக் காலத்தை நம் நாடக வரலாற்றோடு வைத்துப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடித்தமானது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1891-இல், பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்தச் சபையின் நாயகிகளாக மேடையேறியவர்கள் ஆண்களே, அவர்களில் சி. ரங்கவடிவேலு பெரும்புகழ் பெற்றார். சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் குழுக்களிலும் ஸ்திரீபார்ட் எனப்படும் பெண் வேடம் ஏற்ற சிறுவர்களே பெண்களானார்கள். பினாங்கில் பார்சி நாடகங்களின் தாக்கத்தால் பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம் வளர்ந்ததும் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆகவே ஆண் ஒருவன் புடவை கட்டி மேடைக்கு வருவது தமிழ்ப் பார்வையாளருக்குப் புதிதன்று. அந்தப் பழக்கமே இந்த நாடகத்துக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

முதலில் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'ஆண்ட்டி' என்று சொன்னால் தாய்வழியா தந்தைவழியா என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரிலும் அந்தச் சொல் நன்றாகவே வேரூன்றிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாளும், கடைக்கார அம்மாளும், நண்பனின் தாயும் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆண்ட்டிதான். தழுவியவர்கள் அந்த எளிய வழியில் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மராத்தியில் ஆச்சார்ய அத்ரே இதே நாடகத்தைத் தழுவியபோது 'மோருச்சி மாவ்ஷி' என்று தலைப்பிட்டார். மாவ்ஷி என்றால் தாயின் சகோதரி, நம் கணக்கில் சித்தியோ பெரியம்மாவோ. அந்த நாடகம் விஜய் சவானின் நடிப்பால் மராத்தி மேடையில் நிலைத்துவிட்டது. கதையின் வசதிக்கு அந்தத் தேர்வு சரியானது. ஏனென்றால் மூலத்தில் டோனா லூசியா தன்னோடு ஈலா என்ற பெண்ணை அழைத்து வருகிறார்; அவளைக் கடைசியில் மணப்பவன் பேபர்லி. வந்தவர் சித்தி என்றால் அவர் வளர்த்த பெண் சார்லிக்குத் தங்கை முறை ஆகிவிடுவாள், இடையில் ஒரு சிக்கலும் இல்லை.

நம் குழுவினர் வேண்டுமென்றே கடினமான வழியை எடுத்து, வருகிறவரை அத்தை ஆக்கினார்கள். அத்தை என்ற சொல் தமிழ்க் காதில் விழுந்தவுடன் அதன் பின்னாலேயே இன்னொரு சொல்லும் வந்துவிடுகிறது. இரண்டாம் அங்கத்தில் உண்மையான அத்தை எழில் என்ற வளர்ப்புப் பெண்ணோடு மேடைக்குள் நுழைந்தபோது, எனக்குப் பின் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, "அப்ப இது முறைப்பொண்ணு" என்று உரக்கவே சொன்னார். அரங்கில் பாதிப் பேர் அதையே நினைத்திருப்பார்கள் என்பது எழுந்த சிரிப்பில் தெரிந்தது. அந்த நொடியிலிருந்து, சார்லியின் இடத்தில் இருக்கும் செல்வம், ஏமியின் இடத்தில் இருக்கும் அமுதாவை விரும்புகிறான் என்ற கதைக்குள், மூலத்தில் இல்லாத ஒரு பதற்றம் சேர்ந்துவிடுகிறது. அத்தை தன் பெண்ணை அவனுக்கென்று நினைத்துத்தான் கூட்டி வந்திருக்கிறாரா? அவன் அமுதாவின் கையைப் பிடிப்பதை அத்தை பார்த்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே ஓர் உறவுச் சொல்லை மாற்றியதால் கதைக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறது.

அதைவிடச் சிறப்பான ஒன்று இரண்டாம் அங்கத்தின் நடுவில் வந்தது. போலி அத்தையாகிய பாபுவை இரண்டு முதியவர்களும் விரட்டி விரட்டி மணம் பேசும் பகுதி அது. மூலத்தில் பேபர்லி ஓடியும் ஒளிந்தும் தப்பிக்கிறான். இங்கே பாபு, எந்தத் தமிழ்ப் பெண்ணும் அறிந்த ஆயுதம் ஒன்றை எடுக்கிறான்: இருவரையும் "அண்ணே" என்று கூப்பிடத் தொடங்குகிறான். அண்ணன் என்று அழைத்துவிட்டால் மணப்பேச்சின் கதவு மூடிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறை அவன் "அண்ணே" என்னும்போதும், ஸ்பெட்டிகியூவின் தமிழ் வடிவமான சிதம்பரநாதன் அடிவயிற்றில் குத்து வாங்கியவர்போல் சுருங்குகிறார். கடைசியில் அவர் கைகூப்பி, "வேறு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், அந்த ஒரு சொல் மட்டும் வேண்டாம்" என்று மன்றாடுகிறார். அதுவரை "அம்மணி" என்று அழைத்துவந்தவர், அந்தக் காட்சியிலிருந்து அத்தையின் பெயரைச் சொல்லத் தொடங்குகிறார். விளிப்பு மாறுவதிலேயே அவர் நோக்கம் வெளிப்பட்டுவிடுகிறது. தனியாக ஒரு காதல் வசனம் தேவைப்படவில்லை. இந்தக் காட்சியை ஆங்கிலத்தில் திருப்பி எழுதவே முடியாது. தமிழுக்குள்ளேயே பிறந்த நகைச்சுவை இது, அதை எழுதியவரை மனமாரப் பாராட்டுகிறேன்.

கதையை இந்த மண்ணில் நட்ட விதமும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அறை, பந்தாய்ப் பள்ளத்தாக்கிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக விடுதி அறையாகிவிட்டது. பிரேசில் ரங்கூனாகிவிட்டது. செல்வத்தின் அத்தை இளம்பெண்ணாக இருந்தபோது இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். 1945-இல் படை பின்வாங்கியபோது நோயுற்று அங்கேயே தங்கி, பிறகு ஒரு தேக்கு வணிகரை மணந்து, அவரையும் இழந்தவர். மருமகன் ஏன் அத்தையைப் பார்த்ததே இல்லை என்ற கேள்விக்கு இதைவிட நம்பத்தக்க விடை கிடைக்காது. 1943-இல் சிங்கப்பூரில் அந்தப் படை அமைக்கப்பட்டபோது அதில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் நிறைய. மூலத்தில் ஜாக்கின் தந்தை இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலேயக் கர்னல்; பல ஆண்டுகளுக்கு முன் டோனா லூசியாவை விரும்பி, சொல்லாமலே பிரிந்தவர். இங்கே அவர் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், 1944-இல் தலைமையகம் ரங்கூனுக்கு மாறியபோது கூடவே போனவர். இருவரும் மீண்டும் சந்திக்கும் இடத்தில், ஒரு பழைய அணிவகுப்புக் கட்டளையை அத்தை மெல்லிய குரலில் சொல்ல, அவர் தம்மை அறியாமல் நிமிர்ந்து நிற்கிறார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கு அமைதியானது.

இவ்வளவு நன்றாகச் சிந்தித்தவர்கள் ஆண்டு விஷயத்தில் சறுக்கியதுதான் வருத்தம். கதை 1964-இல் நடப்பதாக நிகழ்ச்சித்தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். பாபுவும் ஒரு வசனத்தில் அந்த ஆண்டைச் சொல்கிறான். 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, பர்மாவில் வங்கிகளும் பிறகு கடைகளும் அரசுடைமை ஆயின. பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பெரும்பாலும் கையிலிருந்ததையும் இழந்துதான் கப்பலேறினார்கள். 1964-இல் ரங்கூனிலிருந்து ஒரு தமிழ் விதவை பெருஞ்செல்வத்தோடு வந்து இறங்கினார் என்றால், பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தார் ஒருவர் அரங்கில் இருந்தாலும் அவருக்கு அது உறுத்தும். மாற்றுவதற்கு எளிது. பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் இயங்கத் தொடங்கியது 1959-இல். கதையை 1960-க்கு நகர்த்திவிட்டால் விடுதியும் இருக்கும், அத்தையின் பணமும் இருக்கும், வரலாறும் பிழைபடாது. அடுத்த காட்சிக்குள் இதைத் திருத்த வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பிரேசிலைப் பற்றிய வசனம் ஒன்று மூலத்தில் புகழ்பெற்றது. தான் எந்த நாட்டிலிருந்து வருகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பேபர்லிக்கு வேறொன்றும் தெரியாததால், கொட்டைகள் வருமே அந்த நாடு என்கிறான். 1975-இல் விக்தர் தீத்தவ் இயக்கத்தில் வந்த சோவியத் தொலைக்காட்சிப் படத்தில் அது, காடுகளில் ஏராளமான காட்டுக் குரங்குகள் இருக்கும் பிரேசில் என்று மாறியது. ரஷ்ய மொழி பேசுகிறவர்களுக்கு இன்றும் அது வழக்குத் தொடர்போல் நினைவில் இருக்கிறது. நம் மேடையில் பாபு, "ரங்கூன்... தேக்கு வருமே, அந்த ரங்கூன்" என்று இழுத்தான். பொருந்துகிறது, ஆயினும் தேக்கு என்றவுடன் சிரிப்பு வரவில்லை. பர்மா என்றால் விடுதி மாணவனுக்கு உடனே நினைவுக்கு வரக்கூடிய, கொஞ்சம் அசட்டுத்தனமான ஒரு பொருள் அங்கே வேண்டும். அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் ஊர் என்று சொல்லியிருந்தால்கூடச் சிரித்திருப்போம்.

புடவைக்கு வருகிறேன். மூலத்தில் பேபர்லி அணிவது கருப்புச் சாட்டின் உடுப்பு. தமிழ் விதவைக்கு என்ன உடுத்துவது? குழுவினர் பாபுவுக்கு மெல்லிய கரையிட்ட வெள்ளைப் புடவையைக் கட்டினார்கள். திரை விலகிய சில நிமிடங்களுக்கு அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. கணவனை இழந்தவர்களின் கோலத்தைச் சிரிப்புக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி மனத்தில் நின்றது. 1929-இல் பெரியார் பினாங்கில் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த நாட்டுத் தமிழர்கள் விதவை மறுமணத்தைப் பற்றிப் பேசியும் நடத்தியும் வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இது பின்னோக்கிய பார்வையாகிவிடுமோ என்று அஞ்சினேன். உண்மையான அத்தை மேடைக்கு வந்தபோது அந்த அச்சம் நீங்கியது. அவர் உடுத்தியிருந்தது அடர்ந்த மயில்கழுத்து நிறப் பட்டு. தலையில் பூவும் இருந்தது. விதவை என்றால் வெள்ளைதான் என்று முடிவு கட்டியவர்கள் அந்த இரண்டு மாணவர்களும் பாபுவும். வாழ்ந்து பார்த்த அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு அத்தைகளும் ஒரே மேடையில் எதிரெதிரே நின்ற அந்தக் காட்சியின் வெள்ளையும் மயில்நிறமும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. இறுதியில் அவரும் பழைய படைவீரரும் சேர்வது அதனால் இயல்பாகவே நடக்கிறது.

பாபுவாக நடித்த இளைஞரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாடகம் அவர் தோளில்தான் நிற்கிறது. ஸ்திரீபார்ட் மரபில் நடிகரின் வெற்றி, அவர் ஆண் என்பதைப் பார்வையாளர் மறந்துபோவதில் இருக்கிறது. நடை, குரல், கண் எல்லாம் பெண்ணாகிவிட வேண்டும். 'சார்லியின் அத்தை' அதற்கு நேர் எதிரானது. இங்கே பார்வையாளர் ஒரு நொடியும் மறக்கக் கூடாது. மேடையில் இருப்பவர்கள் மட்டும் ஏமாற வேண்டும். பேபர்லி பெண்ணாக ஆசைப்பட்டவன் அல்லன், நண்பர்களால் மாட்டிக்கொண்டவன். அவன் பெண்ணைப்போல் நடிக்க முயலும்போதெல்லாம் உள்ளிருந்து ஆண்பிள்ளை எட்டிப்பார்ப்பதுதான் சிரிப்பு. 1941-இல் வந்த ஹாலிவுட் படத்தில் நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி இதை நன்கு உணர்ந்திருந்தார். உடுப்பு மாறியதே தவிர அவர் ஜாக் பென்னியாகவே இருந்தார். சோவியத் படத்தின் அலெக்சாந்தர் கல்யாகின் வேறு பாதையில் போய், பேபர்லியை வேலையற்ற ஏழையாக்கி, கோமாளிக் கூத்தின் எல்லை வரை கொண்டுபோனார். அதுவும் நியாயமான வழிதான், அந்தப் படம் முழுவதும் அதே தொனியில் இருந்ததால்.

நம் நடிகர் முதல் அங்கத்தில் மிகச் சரியாகத் தொடங்கினார். புடவையைக் கைலியைப்போல் மடித்துக் கட்டப் போய், பாதியில் நினைவு வந்து விடுவித்த அந்த ஒரு சைகைக்கே கைத்தட்டல் எழுந்தது. தேநீர்க் காட்சி அதைவிட நன்று. மூலத்தில் பேபர்லி தடுமாறித் தேநீரை ஸ்பெட்டிகியூவின் தொப்பிக்குள் ஊற்றிவிடுகிறான். இங்கே பாபுவின் தந்தை செந்தூலில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். விருந்தினருக்குத் தேநீர் கலக்கச் சொன்னவுடன் போலி அத்தையின் கைகள் தாமாகவே உயர்ந்து, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மூன்றடி நீளத்துக்குத் தே தாரிக் இழுக்கத் தொடங்கிவிடுகின்றன. ரங்கூன் சீமாட்டி இவ்வளவு தேர்ச்சியாகத் தேநீர் ஆற்றுவதைச் சிதம்பரநாதன் வாய்பிளந்து பார்க்கிறார். அவர் பார்வையைக் கண்டு பாபு தடுமாற, அப்போதுதான் தேநீர் தொப்பிக்குள் போகிறது. காரணமும் விளைவும் இவ்வளவு ஒழுங்காக அமைந்த சிரிப்பை நான் அண்மையில் மேடையில் பார்த்ததில்லை. உண்மையான தேநீரையே பயன்படுத்தினார்கள், ஒரு சொட்டும் தரையில் சிந்தவில்லை.

இரண்டாம் அங்கத்தின் பிற்பகுதியில் அவர் பாதை மாறினார். அரங்கு சிரிக்கிறது என்று தெரிந்தவுடன் இடுப்பை ஆட்டுவதும், உதட்டைச் சுழிப்பதும், முந்தானையை வைத்துக்கொண்டு கொஞ்சுவதுமாக, தொலைக்காட்சி நகைச்சுவைத் துணுக்குகளில் பார்த்துச் சலித்த சேட்டைகளுக்குள் போய்விட்டார். அவற்றுக்கும் சிரிப்பு கிடைத்தது உண்மை. அந்தச் சிரிப்பு பாபு மாட்டிக்கொண்டதைப் பார்த்து எழவில்லை, பெண்மையைக் கேலி செய்வதைப் பார்த்து எழுந்தது. கதையிலிருந்து அது விலகியது மட்டுமல்லாமல், எழிலின் குரலைக் கேட்டு அவன் உள்ளம் நடுங்கும் அடுத்த காட்சியையும் கெடுத்துவிட்டது. மூலத்தில் அந்தப் பகுதி மிக மென்மையானது: தான் முன்பே சந்தித்து மனத்தைப் பறிகொடுத்த பெண் எதிரே இருக்கிறாள், அவனோ மூதாட்டி உடுப்பில் இருக்கிறான், தன்னை யாரென்று சொல்ல வழியில்லை. அந்த வேதனை வர வேண்டுமானால் அதற்கு முந்தைய பத்து நிமிடம் நடிகர் கட்டுப்பாட்டோடு இருந்திருக்க வேண்டும். திறமை இருக்கிறது, இளமையும் இருக்கிறது. இயக்குநர் அவரை முதல் அங்கத்துக்குத் திரும்பக் கூட்டி வந்தால் போதும்.

1948-இல் பிராட்வேயில் ஃப்ராங்க் லெஸ்ஸர் இசையில் வந்த 'வேர்ஸ் சார்லி?' என்ற இசை நாடகம் பேபர்லியையே நீக்கிவிட்டு, சார்லியே அத்தை வேடமும் போடுவதாக மாற்றியது. ரே போல்கர் அதில் நடித்தார், 792 காட்சிகள் ஓடியது. ஒரே ஆள் உடுப்பை மாற்றிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும் வேகம் அதனால் கிடைத்தது, மாட்டிக்கொண்ட மூன்றாம் மனிதனின் தவிப்பு போய்விட்டது. நம் குழு அந்த வழியில் போகாதது நல்லது. பாட்டுகளைச் சேர்க்கவும் ஆசைப்படவில்லை. வானொலியிலிருந்து வருவதுபோல் இரண்டு மெட்டுகளை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். ஒளி, அரங்கப் பொருள்கள் எல்லாம் எளிமையாக இருந்தன, போதுமானவையாகவும் இருந்தன.

மூன்றாம் அங்கம் நீளம். முடிச்சுகள் எல்லாம் அவிழ வேண்டிய நேரத்தில், படை நாள்களைப் பற்றி முதியவர் ஒரு நீண்ட உரை நிகழ்த்துகிறார். உரை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது, அங்கே அதற்கு இடமில்லை. அதே சமயம் நேரம் கொடுக்க வேண்டிய ஓரிடத்தில் அவசரப்பட்டுவிட்டார்கள். அத்தை என்ற தேர்வால் எழுந்த கேள்வி இருக்கிறதல்லவா, எழில் செல்வத்துக்கு முறைப்பெண் என்ற கேள்வி, அதை முடித்துவைக்க அத்தை, "தம்பி, உனக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்க, செல்வம் "இல்லை அத்தை" என்கிறான். அவ்வளவுதான். இரண்டு அங்கங்களாகப் பார்வையாளரைக் காக்க வைத்த விஷயத்துக்கு அரை நிமிடம் எப்படிப் போதும்? எழிலுக்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தன்னை யாருக்கு முறை என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது அவள் என்ன நினைத்தாள் என்பதை அவள் வாயால் கேட்க நான் காத்திருந்தேன். முதியவரின் உரையில் பாதியைக் குறைத்து அந்த நேரத்தை அவளுக்குத் தரலாம்.

அரங்க வசதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், பணம் கொடுத்து வருகிறவர்களுக்கு அது தேவைப்படும். நாடகம் இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. காரணம் யாரும் சொல்லவில்லை. இருக்கைகள் வசதியானவை, ஆனால் இரு ஓரங்களிலும் உள்ள நான்கைந்து இருக்கைகளிலிருந்து மேடையின் ஒரு மூலை தெரியாது, முதல் அங்கத்தில் பாபு ஒளிந்து உடுப்பு மாற்றும் இடம் அந்த மூலைதான். நடிகர்களின் புடவையில் குத்தியிருந்த ஒலிவாங்கி பட்டில் உரசி அடிக்கடி கரகரத்தது. இவ்வளவு சிறிய அரங்குக்கு ஒலிவாங்கியே வேண்டியதில்லை, நடிகர்களின் குரல் கடைசி வரிசைக்கும் எட்டும்.

பெரிய குறை மொழிபெயர்ப்புத் திரை. தமிழ் தெரியாத பார்வையாளருக்காக மேடைக்கு மேலே மலாயிலும் ஆங்கிலத்திலும் வசனங்களை ஒளிபரப்பினார்கள். நல்ல எண்ணம், என் வரிசையிலேயே தமிழ் நண்பர்களோடு வந்த மலாய் இளைஞர்கள் இருவர் இருந்தார்கள், கடைசி வரை ஆர்வமாகப் பார்த்தார்கள். ஆனால் திரையை இயக்கியவர் ஒரு முழு உரையாடலையும் ஒரே பக்கமாகக் காட்டியதால், நடிகர் வாய் திறக்கும் முன்பே சிரிப்பு வசனம் மேலே தெரிந்துவிட்டது. திரையைப் படித்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் தமிழ் வசனம் காதில் விழாமல் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணே" காட்சியில் இன்னொரு சிக்கல். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சகோதரர் என்று நேராகப் பெயர்த்திருந்தார்கள். அதில் என்ன சிரிப்பு என்று அந்த இளைஞர்களுக்கு விளங்கவில்லை. இடைவேளையில் அவர்களின் நண்பர் விளக்கிச் சொன்னபோதுதான் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வசனத்தை வரிவரியாகக் காட்டுவதும், முறைச் சொற்களுக்கு நிகழ்ச்சித்தாளில் ஒரு சிறு விளக்கம் சேர்ப்பதும் பெரிய செலவில்லாத திருத்தங்கள்.

இடைவேளையில் விற்ற உளுந்து வடை சூடாக இருந்தது, ஒன்று 2 வெள்ளி. நிகழ்ச்சித்தாள் 5 வெள்ளி. அதில் மூல நாடகத்தைப் பற்றியும் பிராண்டன் தாமஸைப் பற்றியும் இரண்டு பக்கம் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், வாங்கலாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து அரங்குக்குப் பத்து நிமிட நடை. வார இறுதியில் அந்தத் தெருக்களில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம் என்பதால் ரயிலில் வருவது மேல்.

இந்த வாரக் கடைசியிலும் வெள்ளி, சனி இரவுகளில் நாடகம் நடக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்துப் போகலாம், தாத்தா பாட்டிகளைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும். சீட்டு வாங்கும்போது மூன்றாம் வரிசை முதல் ஆறாம் வரிசை வரை, நடுப்பகுதியில் கேளுங்கள். தேநீர்க் காட்சி மேடையின் இடப்பக்கத்தில் நடக்கிறது. அங்கிருந்து பாபுவின் கைகளும் சிதம்பரநாதனின் முகமும் ஒருசேரத் தெரியும், மொழிபெயர்ப்புத் திரை கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.